டாட்டர்சால் அம்மா தட்டுகிறாள்

டங்.

கணப்படுப்பின் பின்சுவரிலிருந்து கரித்தூள் பொலபொலவென்று உதிர்ந்தது. ஐவி பாய்ந்துபோய் ரேடியோவின் குமிழைத் திருகிச் சத்தத்தைக் குறைத்தாள்.

“ஆரம்பிச்சிட்டா கிழவி,” என்றான் அவள் புருஷன் வில்ஃப். பஞ்சாலையில் காலை ஷிஃப்ட் முடித்து வந்தவன், ரொட்டியை டீயில் முக்கிக்கொண்டிருந்தான்.

இங்கிலாந்தின் ஓல்டாமில் அந்தத் தெரு முழுக்க இரண்டு வீட்டுக்கு ஒரே சுவர்தான். பக்கத்து வீட்டுக்காரர் நெருப்புக் கிளறும் கணப்புக் கம்பியால் அதைத் தட்டினால், சத்தத்தைக் குறை என்று அர்த்தம். அங்கே பிறந்த யாருக்கும் அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

தட்டியவள் மிஸஸ் டாட்டர்சால். இரண்டு வீடும் அவளுடையவை. புருஷன் விட்டுப்போனது அந்த இரண்டு வீடும், வினிகரில் ஊறிய அந்த மூஞ்சியும்தான் என்பான் வில்ஃப். தன் வீட்டில் ரேடியோ கிடையாது என்பதை ஞாயிறுதோறும் சர்ச் வாசலில், ராஜா கையால் மெடல் வாங்கியவள் மாதிரி சொல்லிக்கொண்டிருப்பாள்.

இவர்கள் குடிவந்த அன்று, ரேடியோவைச் செத்த எலியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். “அதுக்குள்ள எவளோ பொய்யா அழுவா. இங்க நீ நிஜமா அழுவே. ம், வெச்சுக்கோ. இருக்கிற புத்திக்கு அது போதும்.”

அந்தக் கிழவிதான் இன்று மாலை வருகிறாள். குடிவந்து ஒரு வருஷம் முடிகிறது. மேற்கொண்டு இருக்கலாமா, காலி பண்ண வேண்டுமா என்று சொல்லப்போகிறாள்.

போர் முடிந்து இத்தனை வருஷமாகியும் ஊரில் வாடகை வீடு குதிரைக்கொம்பு. ஐவிக்கு இது ஆறாம் மாதம். இதை விட்டால் மாமியார் வீட்டு முன்னறைதான் கதி. அங்கே சுவரெல்லாம் ஈரம், மாமியார் வாயெல்லாம் விஷம்.

“பேசாம அணைச்சிடு ஐவி. இன்னைக்கு ஒரு நாளாவது.”

“இன்னைக்கா? இன்னைக்குத்தான் ரோசலிண்ட் வாயைத் திறக்கப்போறா.”

ரோசலிண்ட் மத்தியானத் தொடரில் வரும் நர்ஸ். ஆஸ்பத்திரி வாசலில் கிடந்த குழந்தை யாருடையது என்று அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். மூன்று வாரமாக ஒவ்வொரு நாளும் சொல்லப்போவாள். சொல்ல வரும்போது யாராவது கதவைத் தட்டுவார்கள், இல்லையென்றால் மயக்கம் போட்டு விழுவார்கள்.

“ஒரு வாய் டீ குடிக்கிற நேரத்துல சொல்லவேண்டியதை மூணு வாரமா முழுங்கறா,” என்றான் வில்ஃப். “அவளும் ஒரு நர்ஸு, இதைக் கேக்க நீயும் ஒரு ஆளு.”

டங், டங்.

ஐவி இன்னும் குறைத்தாள். கிழவிக்குச் சந்தோஷம் என்ற சாமானே பிடிக்காது, அடுத்தவர் வீட்டில் அது கேட்டால் கம்பியோடு கிளம்பிவிடுவாள் என்று முணுமுணுத்தாள். மற்ற நேரத்தில் எவ்வளவு கத்தினாலும் கண்டுகொள்வதில்லை. இன்றைக்குக் காலையில்கூட ஐவி பாத்திரம் துலக்கிக்கொண்டே நடன இசையை அலறவிட்டிருந்தாள். இரண்டு பாட்டுக்கு நடுவே பக்கத்து வீட்டு இருமல் தெளிவாகக் கேட்டது. கம்பி மட்டும் அசையவில்லை. எரிச்சலையெல்லாம் மத்தியானத்துக்குச் சேர்த்து வைக்கிறாள் போல என்று ஐவி அப்போது நினைத்துக்கொண்டாள்.

ரேடியோவில் டாக்டர் கெஞ்சினார். ரோசலிண்ட் விம்மினாள். குழந்தையின் அப்பா இதே ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார் என்றாள்.

டங், டங், டங்.

“அடியே, வீடு போயிடும்டி,” என்றான் வில்ஃப்.

ஐவி படுக்கையிலிருந்து கம்பளிப் போர்வையை உருவி வந்து ரேடியோவின் மேல் போட்டாள். தானும் அதற்குள் தலையை விட்டுக்கொண்டாள். வயிறு இடித்தது, மூச்சு முட்டியது. ரோசலிண்டின் குரல் கொசு முனகுவதுபோல வந்தது. அவருடைய பெயர், என்றாள் ரோசலிண்ட்.

அந்தப் பக்கம் சுவரே இடிந்து விழுவதுபோல அடி விழுந்தது. கணப்புக்கு மேலே நின்ற பீங்கான் நாய் குப்புற விழுந்து, தலை வேறு உடல் வேறாகப் போனது.

அதோடு தட்டுவது நின்றது. பக்கத்து வீட்டுக் கதவைப் படாரென்று சாத்தும் சத்தம் கேட்டது. ஐவி போர்வைக்குள்ளிருந்து தலையை எடுத்து வில்ஃபைப் பார்த்தாள். அவன் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டான்.

“சாயங்காலம் வரைக்கும்கூட பொறுக்கல. போச்சு.”

மிஸஸ் டாட்டர்சால் கூப்பிடக் காத்திருக்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். சர்ச்சுக்குப் போடும் தொப்பியை அவசரத்தில் கோணலாக மாட்டியிருந்தாள். கையில் கம்பி. தெருவை இரண்டு பக்கமும் ஒரு தரம் எட்டிப்பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

ஐவிக்குக் கண் நிறைந்துவிட்டது. “மன்னிச்சிடுங்கம்மா. இனிமே அதைத் தொடவே மாட்டேன். நாளைக்கே வித்துடறோம். வீட்டை மட்டும் காலி பண்ணச் சொல்லிடாதீங்க.”

கிழவி போர்வையைப் பார்த்தாள். பிறகு ஐவியை, உச்சந்தலையிலிருந்து செருப்புவரை, ஒரு இடம் விடாமல் ஏளனமாகப் பார்த்தாள்.

“வித்துப் பாரு. அன்னைக்கே உங்களை வெளிய அனுப்பறேன்.”

கிழவி ஒரே இழுப்பில் போர்வையைப் பிடுங்கி எறிந்தாள். ரேடியோவில் தொடர் முடிந்து, யாரோ முட்டைக்கோஸ் வேகவைப்பது எப்படி என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். மிஸஸ் டாட்டர்சாலின் உதடு துடித்தது.

“மூணு வாரமாத் தட்டறேன், தட்டத் தட்டக் குறைச்சுக்கிட்டே போறியேடி முட்டாளே. அந்தப் பக்கம் எனக்கு எப்படிக் கேக்கும்?”