பன்னிரண்டாவது தீர்மானம்

எங்கள் ஊர்க் கிராமசபையில் முதலில் எல்லோரும் தீர்மான நோட்டின் வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். தீர்மானங்களைப் பிறகுதான் எழுதுவார்கள். இந்த முறை ஊராட்சிச் செயலர் அந்த நோட்டை, அலுவலகத்தில் எடுபிடி வேலை பார்க்கும் என்னிடம் தள்ளினார். "போன வருசத்துதப் பாத்து அப்படியே எழுதிரு, பாப்பா."

பதினொரு தீர்மானங்களையும் எழுதி முடித்தபோது, கடைசி ஆளாகக் கையெழுத்துப் போட வந்த பேச்சியக்கா அலுத்துக்கொண்டாள். "ஆட்சி மாறுது, கொடி மாறுது. டவுனுப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பஸ்ஸு மட்டும் வரக்காணோம். உன்னைய மாதிரி எம்மவளும் எட்டாவதோட நிக்கப்போறா."

அவள் போனதும், காலை எட்டு மணிக்குப் பேருந்து வேண்டும் என்று பன்னிரண்டாவதாக எழுதினேன்.

எப்போதும் படிக்காமலே ஒப்பமிடும் ஊராட்சித் தலைவர் அன்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"பன்னெண்டாவது யாரு கேட்டது?"

மேலேயிருந்த கையெழுத்துகளைக் காட்டினேன். ஒவ்வொன்றாக இறங்கிய அவர் விரல், தன் மனைவியின் பெயரில் நின்றது.

"இவளுமா?"

தலையாட்டினேன்.

அந்தப் பெயரிலிருந்து விரலை எடுத்தார். பிறகு பேனாவை என்னிடமே நீட்டினார்.

"போறதுக்கு மட்டும் கேட்டா எப்படி? சாயங்காலம் புள்ளைக திரும்பி வர வேணாமா? அதையும் எழுதும்மா."