ஆறு மாதப் பத்தியம்

“பொய் சொல்லாதீங்கம்மா. இந்த மாதிரி எண்ணெயைக் கொட்டிச் சமைச்சா ஹார்மோன் எப்படி ஏறும்?”

கரையான்சாவடி கிளினிக்கில் டயட்டீஷியன் ஞானகுமாரி ரிப்போர்ட்டை மேஜையில் போட்ட வேகத்தில் சகாயமேரிக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்து நாற்காலியில் அவள் கணவன் பாஸ்கல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஹார்மோன் குறைச்சல் என்னவோ அவனுக்குத்தான். திட்டு மட்டும் இவளுக்கு.

“சார் எடையும் நாலு கிலோ ஏறியிருக்கு. இன்னும் மூணு மாசம் பார்ப்போம். இனிமேலாவது சார்ட்ல எழுதினபடி சமைச்சுக் குடுங்க.”

எழுதினபடியா! ஆறு மாதமாக விடியற்காலை நாலரைக்கு எழுந்து, முளைகட்டின பயறு, முருங்கைக்கீரை, பூசணி விதைப் பொடி, அவித்த முட்டை என்று அளந்து அளந்து சமைத்து, ஃபேக்டரி சங்கு ஊதுவதற்குள் கேரியரில் கட்டிக் கொடுக்கிறாள். ராத்திரியில் பசியில்லை என்று இரண்டு வாய் கொறித்துவிட்டு எழுந்துவிடுவான். ஆனால் மதியக் கேரியர் மட்டும் வழித்துத் துடைத்தாற்போல் காலியாக வரும். அதைப் பார்க்கிற ஒரு நிமிஷம்தான் அவளுக்கு நிம்மதி.

கல்யாணமாகி ஏழு வருஷம். திருச்சியிலிருந்து மாமியார் மாதம் தவறாமல் இன்லாண்டு லெட்டரில் ‘விசேஷம் உண்டா’ என்று கேட்கிறாள். ஒரு குழந்தை பிறந்துவிட்டால் போதும், வேறு எதுவுமே வேண்டாம் என்று இருந்தது சகாயமேரிக்கு.

ஆவடி பஸ்ஸில் வழியெல்லாம் பொருமிக்கொண்டே வந்தாள்.

“என் கைதாங்க சரியில்ல போல.”

“உடு மேரி. அந்தம்மாவுக்கு இன்னா தெரியும்? உன் சமையல்ல ஒரு கொறையும் கெடயாது” என்றான் பாஸ்கல். அந்தச் சமாதானம் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

குவார்ட்டர்ஸ் வாசலில் கலியமூர்த்தி ஸ்வீட் பெட்டியோடு காத்திருந்தான். ஃபேக்டரியில் பாஸ்கலுக்குப் பக்கத்து மெஷின்காரன். ஒன்பது வருஷமாக அவனுக்கும் மனைவி புஷ்பாவுக்கும் குழந்தையில்லை.

“மொதல்ல ஸ்வீட் எடுங்கண்ணி! நம்ம புஷ்பா முழுவாம கீது. மூணு மாசம்!”

சகாயமேரி சிரித்தாள். வயிறு எரிந்தது. எரிந்ததற்காக மாதாவிடம் மனசுக்குள் மன்னிப்பும் கேட்டுக்கொண்டாள்.

பாஸ்கல் அவசரமாகக் கலியமூர்த்தியின் தோளைப் பிடித்துத் திருப்பினான். “பஸ்ல வந்தது தலைய வலிக்குது மச்சான். நாளைக்குப் பேசிக்கலாம், கெளம்பு.”

“இருங்க” என்றாள் சகாயமேரி. வெட்கத்தை விட்டுக் கேட்டே விட்டாள். “எந்த டாக்டர்கிட்டண்ணே காட்டினீங்க? எங்களுக்கும் சொல்லுங்க. ஆறு மாசமா என்னென்னமோ சமைச்சுப் போடறேன், ஒண்ணும் நடக்கல.”

கலியமூர்த்தி அவளையும் பாஸ்கலையும் மாறி மாறிப் பார்த்தான்.

“டாக்டரா? இவன் உங்ககிட்ட சொல்லவே இல்லியா அண்ணி?”

பாஸ்கல் குனிந்து செருப்பு வாரை அவிழ்க்க ஆரம்பித்தான்.

“ஆறு மாசமா என் கேன்டீன் டோக்கனை இவன்கிட்ட குடுத்துட்டு, உங்க கேரியரைத் துன்றவன் நான்தானே!”