ஒரு எழுத்து கூடுதல்

"பட்டப்பகல் திருட்டு மேடம். எங்க கம்பெனி பேர்ல ஒரே ஒரு எழுத்தைக் கூடுதலாப் போட்டு இன்டர்நெட்ல முகவரி வாங்கி வச்சிருக்கான். இன்னிக்கு நேத்து இல்ல, எட்டு வருஷமா."

வாஷிங் மெஷின் கம்பெனி முதலாளி மேஜையைத் தட்டினார். வக்கீலம்மாவின் டீ கோப்பை ஒரு துள்ளு துள்ளி உட்கார்ந்தது.

பக்கத்து நாற்காலியில் முதலாளியின் மனைவி. கம்பெனியில் பாதிப் பங்கு அவர் பெயரில் இருப்பதால் புகார் மனுவில் அவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

வக்கீலம்மா இருபது வருடமாக இந்த மாதிரி வழக்குகளிலேயே ஊறிப்போனவர். பேரைத் திருடியவன், படத்தைத் திருடியவன், பாட்டைத் திருடியவன் என்று எல்லா ரகத்தையும் பார்த்தாகிவிட்டது.

"பேர் ஒரே மாதிரி இருக்குங்கறது மட்டும் போதாது சார். எந்த எண்ணத்துல வச்சிருக்கார்னு கேப்பாங்க. அதான் மனு போடறதுக்கு முன்னாடி அவரை நேர்ல வரச் சொன்னேன்."

"என்ன பெரிய எண்ணம். எங்க வாடிக்கையாளரைத் தன் பக்கம் இழுக்கற எண்ணந்தான்."

வக்கீலம்மாவுக்கும் அதில் சந்தேகம் இல்லை. எட்டு வருடமாக ஒருத்தர் சும்மாவா பணம் கட்டிப் புதுப்பித்துக்கொண்டிருப்பார்?

கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவருக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். சட்டைப் பையில், பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஸ்க்ரூடிரைவர்.

"வணக்கம்மா, லெட்டர் போட்டிருந்தீங்களே." முதலாளியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "சார், சௌக்கியமா? உங்க சர்வீஸ் பிரிவுல இருபத்தாறு வருஷம் மெக்கானிக்கா இருந்தேன்."

"அப்ப உள்ளே இருந்த ஆளேதானா" என்றார் முதலாளி, வக்கீலம்மாவைப் பார்த்து.

"ஐயா, இந்த முகவரியை எதுக்கு வாங்கினீங்க?" வக்கீலம்மா நேராக விஷயத்துக்கு வந்தார்.

மெக்கானிக் பையிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்தார். மெஷினோடு சேர்த்துக் கொடுக்கிற விளக்கப் புத்தகம். கடைசிப் பக்கத்தில், 'குறைகளை எழுத' என்று இருந்த இடத்தில் விரலை வைத்தார்.

வக்கீலம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். அச்சிட்டிருந்த கம்பெனி மெயில் முகவரியிலேயே ஒரு எழுத்து கூடுதலாக இருந்தது.

"ஒரு லட்சம் புத்தகம் இப்படியே வெளியே போயிடுச்சும்மா. ஆபீஸ்ல சொன்னேன். அடுத்த அச்சுல பார்த்துக்கலாம்னுட்டாங்க. அதுக்குள்ள யாராவது மோசக்காரன் இந்த முகவரியை வாங்கிட்டா? கம்பெனின்னு நம்பி ஜனங்க பேங்க் விவரமெல்லாம் கொடுத்துடுவாங்களே. மனசு கேக்கல. நானே வாங்கிட்டேன்."

"அதுக்கு வர்ற மெயிலெல்லாம் என்ன பண்றீங்க?"

"முதல்ல கம்பெனிக்குத்தான் அனுப்பிட்டிருந்தேன். ஒண்ணுக்கும் பதில் இல்ல. அப்புறம் எனக்குத் தெரிஞ்சதை நானே எழுத ஆரம்பிச்சேன். மெஷின் குதிக்குதும்பாங்க. பாதி பேருக்கு மெஷின் கால் திருகாணியை ரெண்டு சுத்து சுத்தினாலே போதும்மா."

"அதுக்கு எவ்வளவு வாங்கறீங்க?" முதலாளி குறுக்கே புகுந்தார்.

"வாங்கறதா? பேர் கம்பெனியோடது சார். அதை வச்சு நான் சம்பாதிச்சா அதுதானே திருட்டு?" மெக்கானிக் வக்கீலம்மா பக்கம் திரும்பினார். "எங்கேம்மா கையெழுத்துப் போடணும்? முகவரியை எடுத்துக்கட்டும். வர்ற மெயிலுக்கு யாராவது பதில் மட்டும் போட்டுட்டா எனக்கு அது போதும்."

'நல்லெண்ணம்' என்ற சொல்லை வக்கீலம்மா எத்தனையோ மனுக்களில் எழுதியிருக்கிறார். அது ஸ்க்ரூடிரைவரும் கையுமாக எதிரே வந்து உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

முதலாளி மசியவில்லை. "கதை நல்லாத்தான் இருக்கு. எங்க சர்வீஸ்ல பதில் வராதுங்கறது பச்சைப் பொய். அப்படிக் குறைப்பட்ட ஒரே ஒரு வாடிக்கையாளரைக் காட்டட்டும், மனுவை இங்கேயே கிழிச்சுப் போட்டுடறேன்."

"காட்டுங்களேன் ஐயா." வக்கீலம்மாவையும் அறியாமல் அவர் குரல் கட்சி மாறியிருந்தது.

மெக்கானிக் மறுத்துத் தலையசைத்தார். "நம்பி எழுதினவங்க பேரை வெளியே சொல்லலாமாம்மா? அவர் மனு போட்டா போட்டுக்கட்டும்."

"பார்த்தீங்களா?" முதலாளி மனுவை மனைவி பக்கம் தள்ளினார். "நீ கையெழுத்தைப் போடு."

அந்த அம்மாள் பேனாவை எடுத்தார். மூடியைத் திறக்கவில்லை.

"ஐயா, தண்ணி வடியலேன்னா பதறாதீங்க, அடியில இருக்கிற வடிகட்டியைத் திறந்து பாருங்க, சின்ன சாக்ஸ் ஏதாவது மாட்டியிருக்கும்னு எழுதினது நீங்களா?"

"ஆமாம்மா. பேத்தியோட சாக்ஸ்தான்னு அவங்களும் பதில் போட்டிருந்தாங்..." மெக்கானிக் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

முதலாளி மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"நீயா? நம்ம ஆபீசுக்கு எழுதியிருந்தா ஓடி வந்திருக்க மாட்டாங்களா? அவசரத்துல ஒரு எழுத்து கூடுதலா விழுந்திருக்கும்."

அந்த அம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, கிழிப்பதற்கு வசதியாக மனுவை மடித்துக் கணவர் கையில் வைத்தார்.

"முதல் தடவை புத்தகத்தைப் பார்த்துத் தப்பா எழுதினேன், சாயங்காலமே பதில் வந்துது. அடுத்த தடவை, முதலாளி வீடுன்னு சொல்லாம உங்க ஆபீசுக்குச் சரியா எழுதினேன், இன்னும் வரல. அதுக்கப்புறம் தெரிஞ்சேதாங்க தப்பா எழுதிட்டிருக்கேன்."