மூன்றாவது பெயர்

வீட்டு டிவிகளுக்குப் படம் அனுப்ப எந்த சாஃப்ட்வேர் நல்லது என்று ஒரு வாரமாக ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான் கணவன்.

"பழசு பாதிப் படத்துல நின்னு உயிரை வாங்குது. புதுசு வழுக்கிட்டு ஓடுது. மாத்திடறேன்."

"பழசே இருக்கட்டுங்க. பாப்பாவுக்கு அதுதான் பழக்கம்," என்றாள் மனைவி. "நாலு மணிக்கு ஸ்கூல் விட்டதும் கார்ட்டூன் போட்டுடறா. திரையில அவ பேர் பக்கத்துல பச்சை விளக்கு எரியுது."

அவன் கை நின்றது.

"அது கோளாறும்மா. அவ நம்மள விட்டுப் போய் ஒரு வருஷம் ஆகுது."

மறுநாளே பழையதை அழித்தான். புதியதில் தங்கள் இருவர் பெயரை மட்டும் பதிந்தான்.

நாலு மணி ஆனதும் திரையில் 'பாப்பா' என்று மூன்றாவது பெயர் தானாக வந்தது. பச்சை விளக்கு எரிந்தது. நேற்று விட்ட இடத்திலிருந்து கார்ட்டூன் ஓடியது.

"கொஞ்சம் தள்ளி உட்காருங்க," என்று மனைவி சோபாவின் நடுவே இடம் விட்டாள்.