ஆறு குப்பித் தண்ணீர்

அவள் கஷாய டம்ளரைப் பிடித்தபடி நின்றாள். குடிக்கவில்லை.

சாப்பாட்டு மேசை முழுக்க அவள் கணவன் பூவராகன் குப்பிகளைப் பரப்பியிருந்தான்.

ஆறு குப்பி. ஆறிலும் தண்ணீர். ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டி, தேதி போட்டிருந்தான்.

குழாய்த் தண்ணீர். போர்வெல் தண்ணீர். லாரித் தண்ணீர். கேன் தண்ணீர். கோவளத்தில் படகில் போய் மொண்டுவந்த கடல் தண்ணீர். ஆர்.ஓ. மெஷின் தண்ணீர்.

எல்லாம் கூடத்தில் இருக்கும் கடல்மீன் தொட்டிக்காக. நல்ல தண்ணீர் என்றால் கடலுப்பைக் கரைத்து ஊற்றுவான்.

தொட்டியில் ஒரு சோடி கோமாளி மீன். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை. பெரியது பெண். வந்து இரண்டு வருடம் ஆகிறது. ஒரு முட்டை வைக்கவில்லை.

அதனால் தொட்டித் தண்ணீரையே மாற்றப்போகிறான். எந்தத் தண்ணீர் மீனுக்கு ஆகும், எது ஆகாது என்று இன்றைக்கு முடிவு கட்ட வேண்டும். காலையிலிருந்து காபிகூடக் குடிக்கவில்லை.

சொட்டு மருந்து விட்டான். குலுக்கினான். குனிந்து, கண்ணைக் குப்பிக்கு நேராக வைத்து நிறம் பார்த்தான்.

குழாய்த் தண்ணீரில் குளோரின். தள்ளிவைத்தான். போர்வெல் தண்ணீரில் இரும்பு. அதையும் தள்ளினான். லாரித் தண்ணீர் எந்தக் கிணறு என்று டிரைவரிடமே விசாரித்திருந்தான். அந்த ஆள் இவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனானாம். கேன் தண்ணீரிலும் எதுவோ சரியில்லை. கடல் தண்ணீரில் அம்மோனியா. கடலே இவனிடம் பாஸாகவில்லை.

என்ன அக்கறை! என்ன பொறுப்பு! சோதிக்காமல் ஒரு சொட்டு உள்ளே விடமாட்டான்.

சோதிக்காமல் அவள் வாய்க்குள் போனது எத்தனை?

கல்யாணமாகி ஐந்து வருடம். வேர், பட்டை, சூரணம், லேகியம், யாரோ மந்திரித்துக் கொடுத்த எலுமிச்சைச் சாறு. மூக்கைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் விழுங்கினாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்தாள். ஸ்கேன் எடுத்தாள். கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா பார்க்கிறோம் என்றார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு அதற்கும் படுத்தாள்.

அவளுக்கு எல்லாம் நார்மல்.

அவனுக்கு ஒரே ஒரு விந்துப் பரிசோதனை. டாக்டர் சொல்லி எட்டு மாதம் ஆகிறது. "எனக்கென்ன குறை?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனவன்தான்.

மாமியார் முந்தாநாள் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வந்தாள். புது வைத்தியர், புதுக் கஷாயம். வந்ததும் வராததுமாகச் சொல்லிவிட்டாள்.

"இதுக்கும் ஒண்ணும் ஆவலன்னா, எம் புள்ளைக்கு வேற எடம் பாக்க வேண்டியதுதான்."

பூவராகன் அதைக் கேட்டுக்கொண்டே மீனுக்கு இரை போட்டுக்கொண்டிருந்தான். அவளுக்கு அதுதான் நெஞ்சை அறுத்தது.

இப்போது மாமியார் தொட்டிக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். மீனையே பார்த்தாள்.

"ரெண்டு வருஷமா ஒரு முட்டைகூட வைக்கலையா? எதுக்குடா இந்தத் தண்ணியோட மல்லுக்கட்டற? அந்தப் பெரிசத் தூக்கிக் குடுத்துட்டு வேற ஒண்ணு வாங்கி வுடு."

பூவராகனுக்குச் சுருக்கென்றது. சொட்டு மருந்தைக் கீழே வைத்துவிட்டான்.

"அது என்னம்மா பண்ணும், பாவம்? எடுத்த எடுப்புல அது மேல பழியப் போடக் கூடாதும்மா. மத்ததையெல்லாம் டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டுத்தான் பேசணும்."

அவன் சொன்னது அவள் காதில் விழுந்தது.

அவன் காதில் விழவில்லை.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே ஆத்திரமும் வந்தது. ஐந்து வருடத்தில் அவளுக்காக ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்த வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு வந்திருக்கிறதா?

மேசைக்குப் போனாள். அவனுடைய மீட்டரை எடுத்தாள். தண்ணீரில் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று எண்ணில் காட்டுகிற சாமான். அதைக் கஷாயத்துக்குள் விட்டாள்.

ஆர்.ஓ. தண்ணீருக்கு மூன்று காட்டிய மீட்டர் இதற்கு இரண்டாயிரத்தைத் தாண்டி ஏறிக்கொண்டே இருந்தது.

"மீனுக்கே ஆகாது அத்தை, இது."

டம்ளரை சிங்க்கில் கவிழ்த்தாள். குழாயைத் திறந்துவிட்டாள்.

"ஐயையோ, நாப்பத்தெட்டு நாள் மருந்துடி!" மாமியார் எழுந்தே விட்டாள்.

எழுந்திருக்கட்டும்.

அவள் உள்ளே போய் பீரோவைத் திறந்தாள். லேபில் கொடுத்த பிளாஸ்டிக் டப்பா புடவைகளுக்கு அடியில் கிடந்தது. சிவப்பு மூடி. எட்டு மாதமாக உறைகூடப் பிரிக்கவில்லை.

கொண்டுவந்து பிரித்தாள். அவன் பேனாவையே எடுத்தாள். அவன் வைத்திருந்த சீட்டிலேயே ஒன்றைக் கிழித்து, எழுதி ஒட்டினாள். தேதியும் போட்டாள்.

ஆறு குப்பிக்கும் பக்கத்தில், வரிசை பிசகாமல் வைத்தாள்.

மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள். எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"கோ. பூவராகன். ஆண். வயது முப்பத்தாறு."

நிமிர்ந்து மகனைப் பார்த்தாள். "இது எந்தத் தண்ணிக்குடா?"

பூவராகன் மேசையைப் பார்த்தான். தொட்டியைப் பார்த்தான். பார்க்க வேறு இடமில்லை.

"ஒரு மணி நேரத்துக்குள்ள லேபுல குடுத்துடணும்," என்றாள் அவள். "ஆட்டோவ எத்தனை மணிக்கு வரச் சொல்லட்டும்?"

பிறகு குளியலறைக் கதவைத் திறந்து, விளக்கைப் போட்டுவிட்டு, வழிவிட்டு நின்றாள்.