ஐந்து கலர் அட்டவணை

"மறுதேர்வுக்கு முழுசா இருபது நாள்கூட இல்ல. இவ என்னடான்னா நோட்டுல கதை எழுதிக்கிட்டு உக்காந்திருக்கா!"

அண்ணன் போட்ட சத்தத்தில் தையல் மெஷின் நின்றது. அளவு டேப்பைக் கழுத்தில் மாலையாகப் போட்டபடி அம்மா எட்டிப் பார்த்தாள். வேன் ஓட்டிவிட்டு அப்போதுதான் வீட்டுக்குள் காலெடுத்து வைத்த அப்பாவும் அப்படியே நின்றார்.

தங்கை அந்த நோட்டைக் கணக்குப் புத்தகத்துக்கு அடியில் செருகினாள்.

அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வராதா பின்னே? அந்தக் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவன். தங்கை கணக்கில் ஃபெயில் என்று தெரிந்த அன்றைக்கே ஐந்து கலர் பேனா வாங்கி வந்து அட்டவணை போட்டான். சரிவரவில்லை என்று மூன்று தரம் மாற்றிப் போட்டு, அவள் கண்ணுக்கு நேராகச் சுவரில் ஒட்டியும் வைத்தான். நர்சிங் பள்ளியில் அவளுக்கு ஓர் இடம் கிடைத்திருந்தது. மறுதேர்வு ரிசல்ட் வரும்வரைதான் பிடித்து வைத்திருப்பார்கள். இதிலும் கோட்டைவிட்டால் அதுவும் போச்சு.

"அட்டவணைப்படி இப்ப என்ன நேரம்? சொல்லு."

"முக்கோணவியல்."

"தெரியுதுல்ல? அப்புறம் அந்த நோட்டு எதுக்கு?"

"மறுதேர்வு கிளாஸ் டீச்சர் எழுதச் சொன்னதுண்ணா. எல்லாரும்தான் எழுதறோம்."

"டீச்சர் சொன்னதுன்னா ஏன் ஒளிக்கிறே? குடு இங்க."

"வேணாம்ணா... ப்ளீஸ்."

அவனுக்குச் சந்தேகம் முற்றிவிட்டது. வெடுக்கென்று பிடுங்கினான்.

"கேளுங்க, உங்க செல்லப் பொண்ணோட லட்சணத்தை!" கோர்ட்டில் தீர்ப்பு வாசிப்பவன் போல நிமிர்ந்து நின்றுகொண்டான். "'புதுத் திட்டம் போடும் முன், உங்கள் நேரம் எங்கே போகிறது என்று ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். திங்கள். நாலரையிலிருந்து ஐந்தேகால் வரை அம்மாவுக்குப் பட்டன் தைத்தேன்.'"

நிமிர்ந்து அம்மாவை முறைத்தான்.

"என்னம்மா இது?"

"அவசர ஆர்டர்டா. நாலே நாலு சட்டை..."

"அவ எதிர்காலமே தொங்கிக்கிட்டு நிக்குது. உனக்குப் பட்டன் கேக்குதா?"

அடுத்த வரிக்குத் தாவினான். "'செவ்வாய். ஆறிலிருந்து ஏழு வரை அப்பாவின் லைசென்ஸ் ஃபாரம்.' நீங்களுமாப்பா? ஒரு ஃபாரம் நிரப்ப உங்களுக்குக் கையில்லையா?"

"எனக்கு எழுத்து சரியா வராதேடா," என்றார் அப்பா. "முதல்ல உன்னைத்தான் கேட்டேன். நீ அட்டவணைக்குக் கோடு போட்டுக்கிட்டிருந்தே."

அது அவன் காதில் ஏறவே இல்லை.

"ஆளாளுக்குப் பிச்சுத் தின்னுட்டீங்களே இவ நேரத்தை! ஃபெயிலானா மட்டும் 'படிக்கல, படிக்கல'ன்னு அவ தலையில கொட்டறது. இந்த வீட்டுல ஒருத்தருக்காவது பொறுப்பு இருக்கா? எல்லாம் வெளியில வரட்டும். கடைசிப் பக்கத்துல மொத்தமாக் கூட்டி வெச்சிருக்கா, கேளுங்க. 'அம்மா, மூன்று மணி நேரம். அப்பா, ஒரு மணி நேரம். கணக்குப் போட்டது, ஒன்பது மணி நேரம்...'"

சட்டென்று நின்றுவிட்டான்.

"ஏன்டா நிறுத்திட்டே?" என்றாள் அம்மா.

"அவ்வளவுதான். வேற ஒண்ணுமில்ல."

"இன்னொரு வரி இருக்கே." அம்மா கிட்ட வந்து நோட்டை எட்டிப் பார்த்தாள்.

"அது... சும்மா. விடும்மா."

"எங்களை மட்டும் கிழிகிழின்னு கிழிச்சே? கொண்டா இப்படி."

அம்மா நோட்டை வாங்கி, விரல் வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"'எப்படிப் படிக்கணும்னு... அண்ணன் சொன்னது... பதினோரு மணி... இருபது நிமிஷம்.'"

அப்பா சிரிப்பை அடக்க முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். அம்மா அடக்கக்கூட இல்லை, வாய்விட்டே சிரித்துவிட்டாள்.

தங்கை மட்டும் சிரிக்கவில்லை. மெல்ல நோட்டை வாங்கி மூடினாள்.

"அதுக்குத்தான் ஒளிச்சேன். நாளைக்கு கிளாஸ்ல இதை எல்லாரும் சத்தமா வாசிக்கணுமாம். நீ கவலைப்படாதேண்ணா. உன் வரியில மட்டும் 'கரன்ட் இல்லை'ன்னு மாத்தி எழுதிடறேன்."