தடையில்லா மின்சாரம்

மலைக் கிராமத்து நீர்மின் நிலைய மேலாளர் தெமிர்கானுக்கு அன்று பதவி உயர்வு உறுதியாகிவிட்டது போலத்தான் தோன்றியது. கடுங்குளிரில் ஓடையே உறைந்து கிடக்க, துணை அமைச்சரை வரவேற்கும் விழா அரங்கத்தில் மட்டும் நான்கு விளக்குகள் பளிச்சென்று எரிந்தன.

தேநீர்க் கிண்ணத்தை வைத்துவிட்டுத் துணை அமைச்சர் வியந்தார். "தலைநகர்லயே கரண்ட் போகுது. இங்க மட்டும் எப்படிய்யா?"

"எல்லாம் நம்ம எஞ்சினீயர் சகின்பாயோட மூளை, ஐயா. கம்பிச்சுருளுக்கு நடுவுல காந்தம் சுத்திக்கிட்டே இருந்தா, சுருள்ல கரண்ட் வந்துக்கிட்டே இருக்கும்."

"ஓடைதான் உறைஞ்சுபோச்சே. காந்தத்தை எது சுத்துது?"

"அது தொழில் ரகசியம்!"

"பலே! அவருக்கு நான் பதக்கம் குடுத்தே ஆகணும். கூப்பிடுங்க மேடைக்கு!"

தெமிர்கானுக்கு வியர்த்தது. "வேண்டாம் ஐயா. அவர் முக்கியமான வேலையில இருக்கார்."

"என்னைவிட முக்கியமா? சகின்பாய்! உடனே வாங்க!" துணை அமைச்சரே உரக்கக் குரல் கொடுத்தார்.

விளக்குகள் மங்கி, அணைந்தன. கும்மிருட்டில் திரைக்குப் பின்னாலிருந்து ஒருவர் மூச்சிரைக்கத் தட்டுத்தடுமாறி வந்து நின்றார்.

"சீக்கிரம் குடுங்க ஐயா. நான் போய் சைக்கிளை மிதிச்சாத்தான் விளக்கு எரியும்!"